கிணற்று உறை இறக்கும்போது அடியில் மணல் பொங்குகிறது, பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல்

தண்ணீரை இறைத்துக்கொண்டே கிணற்று உறையை (வளையங்களை) இறக்கும்போது பதினெட்டு அடியில் மணல் பொங்குகிறது, பக்கத்து வீட்டுச் சுவரும் விரிந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். உறைக்குள் தண்ணீர் வெளியே உள்ள நிலத்தடி நீர்மட்டம் வரை ஏறட்டும், தேவைப்பட்டால் நீங்களே ஊற்றுங்கள். மணல் பொங்குவதும் சுவர் விரிந்ததும் ஒரே பிரச்சினைதான்.

உள்ளே இறைக்க இறைக்க, வெளிநீர் உறையின் அடியைச் சுற்றி மேல்நோக்கி வருகிறது. தோராயமாக, நீர் கடந்துவரும் ஒரு மீட்டர் மணலுக்கு உள்ளும் வெளியும் ஒரு மீட்டர் நீர்மட்ட வித்தியாசம் இருந்தாலே மணல் கஞ்சிபோல் இளகிவிடும். நேற்று நீங்கள் அள்ளியதில் பெரும்பகுதி பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் அடிமண்ணாக இருக்கலாம். உங்கள் திருவையாற்றில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் அழுத்தம் இன்னும் கூடும். இந்த வேலைக்குச் சித்திரை, வைகாசிதான் சரி.

சோதிக்க: உறை இறங்கிய ஆழத்துக்கு எவ்வளவு மண் வரவேண்டும் என்று கணக்கிட்டு, வெளியே குவிந்ததோடு ஒப்பிடுங்கள். குவியல் மிக அதிகமென்றால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள்.

கோடு தாண்டி விரிசல் வளர்ந்தால் அந்த அறையில் யாரும் படுக்கவேண்டாம், பொறியாளரை அழையுங்கள். வளராவிட்டாலும் உறைக்குள் ஆளை இறக்காதீர்கள். மீதி மண்ணை உறைக்குள் தண்ணீர் நிற்கும்போதே மேலிருந்து அள்ளச் சொல்லுங்கள்.