ஆங்கிலத்தில் 'செட்' என்ற ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்? எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள், அகராதியில் 'செட்' என்ற பக்கத்தைப் பிரித்துப் பார்த்து மலைத்துப்போய் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மலைப்பு நியாயமானதுதான். 20 தொகுதிகளாக 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள். விளக்கம் ஏறக்குறைய 60,000 சொற்கள். பிறகு நடந்த திருத்தத்தில் 'ரன்' 645 பொருள்களோடு முந்திவிட்டது. அதைச் சொல்லி என்னைத் திருத்த யாராவது வருவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் 'ரன்' எனக்கு எந்தத் தொல்லையும் கொடுத்ததில்லை. 'செட்'தான் என்னைத் தலைகுனிய வைத்த சொல்.

நான் மொழியியல் படித்தவனில்லை. பதினைந்து வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைப்பவன். பெரும்பாலும் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்கள், கருவிகளின் கையேடுகள், திரையில் வரும் சின்னச் சின்ன வரிகள். இலக்கியம் இல்லை. அதனால் இது ஒரு தொழிலாளியின் பதில்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பசைக்கான தாள் வந்தது. இரண்டு குழாய்களிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலந்து ஒட்டுகிற வகை. அதில் 'செட் டைம்: 5 நிமிடம்' என்று ஒரு வரி. கீழே, முழுவதும் 'செட்' ஆகும் வரை அசைக்காதீர்கள் என்று இன்னொரு வரி. நாங்கள் வேலை செய்யும் மென்பொருள், முன்பு மொழிபெயர்த்த வரிகளை நினைவில் வைத்திருந்து தானாக எடுத்துக் கொடுக்கும். அதற்கு முந்தைய மாதம் ஒரு கடிகாரத்தின் கையேடு செய்திருந்தேன். அங்கே 'செட்' என்றால் 'அமைக்கவும்'. நேரத்தை அமைக்கவும், அலாரத்தை அமைக்கவும். அங்கே அது சரி. பசைத் தாளிலும் மென்பொருள் அதையே கொண்டுவந்து வைத்தது: 'அமைக்கும் நேரம்: 5 நிமிடங்கள்.' ராத்திரி பதினொரு மணி. படித்தேன், தமிழாகத்தான் இருந்தது, சரி என்று அழுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

எட்டு மாதம் கழித்து மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பீங்கான் ஜாடி மூடியின் பிடி உடைந்து, அதை ஒட்டி வைத்திருந்தார். பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. "அஞ்சு நிமிஷம் டைம் இருக்குன்னு போட்டிருந்தான். நிதானமா திருப்பித் திருப்பிப் பார்த்துட்டே இருந்தேன். மூணு நிமிஷத்துலயே பிடிச்சுக்கிச்சு" என்று அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் வரி.

அவர் படித்ததில் தவறே இல்லை. 'அமைக்கும் நேரம் 5 நிமிடம்' என்றால் பொருத்திச் சரிபார்க்க உங்களுக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது என்றுதானே பொருள்? ஆங்கிலம் சொன்னது நேர் எதிர். ஐந்து நிமிடத்தில் பசை இறுகிவிடும், அதற்குள் கையை எடுத்துவிடு என்றது. "மாமா, இதை எழுதினது நான்தான்" என்றேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "இறுகும் நேரம்னு போட்டிருக்கலாமேப்பா" என்றார். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாதவருக்கு உடனே வந்த சொல், எனக்கு அன்று வரவில்லை.

'இடம் பார்த்து மொழிபெயர்க்கத் தெரியாதா' என்று கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேலையில் பாதி நேரம் இடமே கண்ணுக்குத் தெரியாது. அட்டவணையில் ஒரு வரிசை, அதில் 'செட்' என்ற ஒற்றைச் சொல், அவ்வளவுதான் வரும். அது பொத்தானா, பெட்டியின் பெயரா, வேலை முடிந்துவிட்டது என்கிற அறிவிப்பா, ஒன்றும் தெரியாது. 'அலாரம் செட்' என்று வந்தால் 'அலாரம் வை' என்கிற கட்டளையா, 'அலாரம் வைத்தாயிற்று' என்கிற தகவலா? இந்தச் சொல்லுக்கு இறந்தகால வடிவமும் இதுவேதான். பழைய ஆங்கிலத்தில் இறந்தகாலத்துக்கு 'செட்டெ' என்று தனி வடிவம் இருந்தது, அதன் விகுதி காலப்போக்கில் தேய்ந்து உதிர்ந்துவிட்டது. நமக்கு வைக்கிறேன், வைத்தேன், வை, வைத்தது எல்லாம் தனித்தனி. அங்கே எல்லாம் ஒரே மூன்றெழுத்து.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும். மென்பொருள் ஒரு வரியை முன்பே பார்த்திருந்தால் அந்த வரிக்கு எங்களுக்குக் கூலி குறைப்பார்கள். அச்சு அசலாக அதே வரி என்றால் பல இடங்களில் கூலியே கிடையாது. ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் இருக்கிற மொழியிலிருந்து வேலை வாங்கிக்கொண்டு, 'இந்தச் சொல்லைத்தான் போன மாதமே செய்துவிட்டீர்களே' என்று காசைப் பிடிப்பது எனக்கு இன்றும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. திரும்ப வந்த அந்தச் சொல்லில்தான் நான் விழுந்தேன். அதை நின்று பார்ப்பதற்குத்தான் கூலி தர வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ஜாடி மூடிக்குப் பிறகு இந்தச் சொல்லை விடாமல் துருவினேன். எனக்குப் பிடி கிடைத்த இடம் தமிழ் இலக்கணம். பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். ஓடு, ஓட்டு. திரும்பு, திருப்பு. ஆங்கிலத்திலும் இப்படிச் சில இணைகள் எஞ்சியிருக்கின்றன. 'சிட்' தன்வினை, 'செட்' அதன் பிறவினை. அதாவது உட்கார், உட்கார வை. இன்னும் நெருக்கமாகச் சொன்னால் இரு, இருத்து. 'மனத்தில் இருத்து' என்று இன்றும் எழுதுகிறோமே, அந்த 'இருத்து'தான் 'செட்'.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். மோதிரத்தில் கல்லை உட்கார வைத்தால் பதித்தல். விலகிய எலும்பை அதன் இடத்தில் உட்கார வைத்தால் அதுவும் 'செட்'. ஈய எழுத்துகளை வரிசையில் உட்கார வைத்தால் அச்சுக் கோத்தல், பாட்டு வரிகளை மெட்டில் உட்கார வைத்தால் இசையமைத்தல். கல்யாணத் தேதியை உட்கார வைத்தால் குறித்தல், பொறியை வைத்தால் பொறிவைத்தல். சில இடங்களில் வைப்பவர் யாரும் இல்லாமல் பொருளே போய் அமரும். சூரியன் அடிவானத்தில் இறங்கி அமர்கிறது, நாம் மறைகிறது என்கிறோம். நீர்மமாக இருந்த பசையும் சிமென்ட்டும் அசைவை விட்டு அமர்கின்றன, நாம் இறுகுகிறது என்கிறோம். சிமென்ட்டில் அப்படி அமர்ந்ததோடு வேலை முடியாது. அதற்குப் பிறகுதான் பல நாள் ஈரத்தில் வைத்து வலுவேற்றுவார்கள், அதற்கு வேறு சொல், 'க்யூரிங்'. இரண்டையும் 'உலர்தல்' என்று எழுதிய தாள்களை நான் பார்த்திருக்கிறேன். உலர்வதே இல்லை அங்கே. தண்ணீர் சிமென்ட்டோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது.

ஆனால் எல்லாவற்றையும் இதில் அடைக்க முடியாது. ஒரு கூட்டம், ஒரு தொகுப்பு என்கிற பொருளில் வரும் 'செட்' வேறு வழியில் வந்தது. லத்தீனில் 'பின்தொடர்' என்ற வினையோடு உறவுள்ள 'செக்டா' என்றொரு சொல், பின்தொடர்கிறவர்கள் என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஏற்கெனவே அங்கிருந்த வினைச்சொல்லோடு ஒலியில் ஒன்றாகிவிட்டது. 'அவன் அந்தச் செட்டோட சுத்துறான்' என்று சொல்கிறோமே, அந்தப் பழைய பொருளுக்கு இவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கணிதத்தில் இதற்குக் 'கணம்' என்று வைத்தவர்களும் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்கள். பூதகணம் என்பதில் உள்ள அதே கூட்டம்.

அதனால் 430ஐயும் மனப்பாடம் செய்யாதீர்கள். இரண்டு வேர்களைப் பிடித்துக்கொண்டு, புதிய இடத்தில் பார்க்கும்போதெல்லாம் முழு வாக்கியத்தையும் எழுதி வையுங்கள். காற்புள்ளி போட்டு 'வை, அமை, நிறுவு, பதி' என்று அடுக்குகிற ஆங்கில-தமிழ் அகராதியை மட்டும் நம்பினால் எனக்கு நடந்ததுதான் நடக்கும். 'அப்' 'ஆஃப்' 'இன்' என்று வால் சேர்ந்து வருவதைத் தனிச் சொல்லாகவே படியுங்கள். 'செட் ஆஃப்' என்றால் புறப்படுவதும் உண்டு, வெடிக்க வைப்பதும் உண்டு, அதற்கு வேர் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இது மொழியியலாளர் ஒப்புக்கொள்ளும் வழியா என்பது என் கவலை இல்லை, எனக்கு இது வேலை செய்கிறது. 'போடு' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சட்டை, கையெழுத்து, சண்டை, ஊசி, கணக்கு, தாழ்ப்பாள் என்று நாம் பட்டியல் இல்லாமல்தானே பழகினோம்.

போன வாரமும் ஒரு அட்டவணை வந்தது. 41ஆம் வரிசையில் தனியாக 'செட்'. மென்பொருள் 'அமைக்கவும்' என்று காட்டியது. பொருளின் படம் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன், ஒரு சொல்லுக்கா என்று பதில் வந்தது, ஆமாம் என்றேன். மறுநாள் படம் வந்தது. ஆறு ஸ்க்ரூடிரைவர்கள் உள்ள பெட்டி. 'தொகுப்பு' என்று எழுதி அனுப்பினேன்.