பெண்ணின் கூந்தலை அவளுடைய விடுதலைக்கு அடையாளமாக நன்றாகக் காட்டிய கதை எது?

என்னைக் கேட்டால், அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1937-இல் எழுதிய 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவல்தான்.

கதையில் ஒரு பெண் முடியை வெட்டிக்கொண்டாலோ அவிழ்த்துவிட்டாலோ உடனே அதை விடுதலை என்று சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அது போதாது. வெட்ட வைத்தது யார், கட்டச் சொன்னது யார் என்று பார்க்க வேண்டும். லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' நாவலில் ஜோ என்ற பெண் 25 டாலருக்கு முடியை விற்பது வாஷிங்டனில் நோயில் கிடக்கும் அப்பாவுக்காக, அன்று ராத்திரியே அதை நினைத்து அழுகிறாள். ஃபிட்ஸ்ஜெரால்டின் 1920 சிறுகதையில் பெர்னிஸ் என்ற பெண் முடியைக் குட்டையாக 'பாப்' வெட்டிக்கொள்வது, எல்லார் முன்னாலும் பேசிவிட்டுப் பின்வாங்க முடியாமல் போனதால். அவளை அப்படி மாட்டிவிட்ட ஒன்றுவிட்ட சகோதரி தூங்கும்போது அவளுடைய இரண்டு சடையையும் நறுக்கி எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுக் கிளம்புகிறாளே, அப்போதுதான் அவளுக்கு மூச்சு வருகிறது. நம் பக்கத்தில் பாஞ்சாலி இருக்கிறாள். பாரதி எழுதிய சபதத்தை இன்றைக்குப் படித்தாலும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அந்தக் குழலை அவள் முடிவதற்கு வேறு ஒருவர் களத்தில் இரண்டு பேரைக் கொன்றாக வேண்டும்.

ஹர்ஸ்டனின் நாயகி ஜேனிக்கு அப்படி யாரும் தேவைப்படவில்லை.

கதை நடப்பது ஃபுளோரிடாவில், ஈட்டன்வில் என்ற ஊரில். கறுப்பின மக்கள் 1887-இல் தாங்களே அமைத்துக்கொண்ட ஊர் அது, ஹர்ஸ்டன் வளர்ந்ததும் அங்கேதான். ஜேனியின் இரண்டாவது கணவன் ஜோ ஸ்டார்க்ஸ் அந்த ஊர் மேயர், கடையும் அவனுடையது. ஒரு ராத்திரி கடையில் வால்டர் என்ற ஆள் ஜேனிக்குப் பின்னால் நின்று, அவளுக்கே தெரியாமல், புறங்கையால் அவள் சடை நுனியை மெல்லத் தடவிக்கொண்டிருப்பதை ஜோ பார்த்துவிடுகிறான். வால்டரை அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஜேனிக்குத்தான் அன்றைக்கே உத்தரவு வருகிறது: கடையில் இருக்கும்போது தலையைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். ஏன் என்று கடைசி வரை சொல்வதில்லை. தொட்டவன் பாட்டுக்குப் போய்விட்டான், துணி ஏறியது இவள் தலையில். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஸ்பெயின் ஆட்சியில் இருந்த லூசியானாவில் 1786-இல் ஆளுநர் எஸ்தேபான் மீரோ, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மூடித்தான் வெளியே வர வேண்டும் என்று ஆணையே போட்டிருந்தார். அந்தத் துணிக்கு அவ்வளவு பழைய வரலாறு உண்டு, அதனால் ஜோவின் உத்தரவை வெறும் புருஷன் பொறாமை என்று மட்டும் என்னால் படிக்க முடியவில்லை.

இருபது வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு ஜோ சாகிறான். ஜேனி நேராகக் கண்ணாடி முன்னால் போய் நிற்கிறாள், துணியைப் பிடுங்கி எறிந்து கூந்தலை அவிழ்த்துப் பார்க்கிறாள், கனம், நீளம், அழகு எல்லாம் அப்படியே இருக்கிறது. அப்புறம் என்ன செய்கிறாள் தெரியுமா? வாரி, மறுபடியும் கட்டிக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு, ஜன்னலைத் திறந்து, ஜோ செத்துவிட்டான் என்று ஊரைக் கூப்பிடுகிறாள். அந்த இடத்தில் தலைவிரி கோலமாக அவளை வெளியே ஓட விட்டிருந்தால் சினிமாக் காட்சி மாதிரி ஆகியிருக்கும். ஹர்ஸ்டன் அதைச் செய்யவில்லை. முதலில் அவள் மட்டும் பார்க்கிறாள். அடக்கம் முடிந்த ராத்திரி, தூங்கப் போவதற்கு முன்னால், தலைத்துணி ஒன்று விடாமல் எரித்துவிட்டு, மறுநாள் காலையில் இடுப்புக்குக் கீழே தொங்கும் ஒற்றைச் சடையோடு வீட்டில் நடமாடுகிறாள். ஊர் அவளிடம் பார்த்த மாற்றம் அது ஒன்றுதான்.

பிறகு டீ கேக் என்ற இளைஞன் வருகிறான். ஒரு நாள் அவள் கண் விழிக்கும்போது அவன் அவள் தலையை வாரி, பொடுகைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறான். காதல் காட்சியில் பொடுகு! ஜோ கண்ணுக்கு அந்தக் கூந்தல் பிறர் பார்க்கக்கூடாத சொத்து, இவனுக்கு அது வாரிச் சிக்கெடுக்க வேண்டிய ஒரு தலைமுடி, எனக்கு அந்த வித்தியாசமே போதும். அந்தக் காதலும் பழுதில்லாதது இல்லை, ஒரு கட்டத்தில் அவனும் அவளை அடிக்கிறான். ஹர்ஸ்டன் அதை மறைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை விட்டுவிட்டுக் கூந்தலை மட்டும் கொண்டாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜேனியின் பாட்டி அடிமையாக இருந்தவள். வெள்ளை முதலாளியால் அவளுக்குப் பிறந்த குழந்தைக்கு, அதாவது ஜேனியின் அம்மாவுக்கு, சாம்பல் நிறக் கண்ணும் மஞ்சள் முடியும் எப்படி வந்தது என்று கேட்டு முதலாளி மனைவி அவளை அறைகிறாள். ஊரே மெச்சும் அந்தக் கூந்தல் ஜேனிக்கு வந்த வழியில் இந்த வன்முறையும் இருக்கிறது. பின்னால் வரும் மிசஸ் டர்னர், தானும் கறுப்பினப் பெண்ணாக இருந்தும், வெளிர் நிறத்துக்காகவும் அந்த முடிக்காகவும் மட்டுமே ஜேனியைக் கும்பிடாத குறையாகக் கொண்டாடுகிறாள்.

நாற்பது வயதில் ஜேனி ஓவரால் என்ற வேலைக்கார உடுப்பைப் போட்டுக்கொண்டு, சடை ஆட, தனியாக ஊர் திரும்பும்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தச் சடையைப் பற்றித்தான் பேசுகிறார்கள், இந்த வயதில் சின்னப் பெண் மாதிரி என்ன தொங்கவிட்டுக்கொண்டு வருகிறாள் என்று. விளக்கு வைக்கிற நேரத்தில் தலையை விரித்துப் போடாதே என்று கேட்டு வளர்ந்த யாருக்கும் அந்தக் குரல் பழக்கமானதாகவே இருக்கும்.

ஆங்கிலத்தில் படிப்பதாக இருந்தால், உரையாடல் முழுக்க ஃபுளோரிடா கறுப்பின மக்களின் பேச்சு வழக்கு, எழுத்துக்கூட்டலும் அப்படியே இருக்கும். முதல் சில பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள், அப்புறம் பிடிபட்டுவிடும்.