மெமோ கொடுத்தால் தவறு நின்றுவிடுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் மென்பொருள் பொறியாளராகப் பணிபுரிகிறேன். சென்ற மாதம் அப்பாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரவுப் பணியில் இருந்த செவிலியர் கொடுத்த மருந்தைக் குறிப்பேட்டில் எழுதாததால், காலையில் வந்தவர் அதையே மறுபடியும் கொடுக்க வந்தார், அம்மா தடுத்துவிட்டார். இரவுச் செவிலியருக்கு மெமோ கொடுத்ததோடு விசாரணை முடிந்தது. எங்கள் துறையின் வழிமுறைகளை மருத்துவமனைக்குள் கொண்டுவர இயலாதா?

வாசகி, திருநகர்

அன்புள்ள வாசகிக்கு,

அப்பா இப்போது நலமாக இருப்பார் என நம்புகிறேன். இயலும் என்றே நினைக்கிறேன். ஆனால் வார்டுக்கு வார்டு கணினி வைப்பதை நான் சொல்லவில்லை. நள்ளிரவில் சர்வர் நின்றுபோனால், மறுநாள் கூடி, யார் செய்தது என்று கேளாமல், எந்தப் படி அந்தத் தவற்றுக்கு இடம்கொடுத்தது என்று தேடி எழுதிவைக்கிறீர்களே, அந்தப் பழக்கத்தைச் சொல்கிறேன். மெமோ வாங்கியவர் இனிக் கவனமாக இருப்பார். ஆனால் பணி மாறும்போது இருவரும் சேர்ந்து குறிப்பேட்டைப் பார்க்கும் வழக்கம் வராதவரை, அதே தவறு நாளை இன்னொருவர் கையில் நிகழும். அதைவிடக் கொடுமை, நூலிழையில் தப்பிய தவறுகளைப் பற்றி இனி அந்த வார்டில் எவரும் வாய்திறக்கமாட்டார்கள்.

வேலையைப் படிப்படியாகப் பிரித்துச் சீரமைப்பது மதுரைக்குப் புதிதன்று. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒரு மேசையில் கண்புரை அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் மற்றொரு நோயாளி ஆயத்தமாக இருப்பார்.

ஆனால் உங்கள் துறையே சறுக்கிய இடமும் உண்டு. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள்மீது அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. முந்தைய மாதிரியில் இருந்த வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டு, மென்பொருளை மட்டும் நம்பியிருந்தார்கள். பொருள் விளங்காத பிழைச்செய்திகள் திரையில் அடிக்கடி வந்துகொண்டிருந்ததால், அவற்றைக் கடந்துபோக ஊழியர்களும் பழகிவிட்டிருந்தனர். ஆகவே வார்டுக்காக எதை வடிவமைத்தாலும், இரவுப் பணி பார்க்கும் செவிலியரை அருகில் அமர்த்திக்கொண்டே வடிவமைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அந்த மருத்துவமனைக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள். செவிலியரின் பெயர் அதில் வேண்டாம். மருந்து கொடுத்த நேரம், பணி மாறிய நேரம், குறிப்பேட்டில் விடுபட்ட இடம் ஆகியவற்றை வரிசையாகக் குறிப்பிடுங்கள். அம்மா அதை எப்படிக் கண்டுகொண்டார் என்பதையும் அவரிடமே கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.