தார்ப் பாலையில் தனியாகச் சைக்கிள்: சட்டை நனையவில்லை என்று ஏமாறாதீர்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயம் செய்கிறேன். வயது 38. வேளாங்கண்ணி, கோடியக்கரை, ராமேஸ்வரம் எல்லாம் சைக்கிளில் போய் வந்திருக்கிறேன். ஜோத்பூரிலிருந்து பலோடி, பொக்ரான், ஜெய்சல்மேர் வழியாகப் பாகிஸ்தான் எல்லையோரம் இருக்கும் தனோட் வரை தனியாக ஓட்ட ஆசை. சித்திரையில்தான் வயல் வேலை சுத்தமாக இருக்காது. அப்போது போகலாமா? தண்ணீர் எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்? வண்டியில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: சித்திரை வேண்டவே வேண்டாம். 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது பலோடியில்தான். நீங்கள் எழுதிய வழியிலேயே அந்த ஊர் வருகிறது. கத்திரி வெயிலில் களத்துமேட்டில் நின்று பழகியவருக்கு அது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் வெயிலில் நிற்பது வேறு, பாரம் கட்டிய சைக்கிளை மிதிப்பது வேறு. தலை சுற்றினால் பிடித்து நிழலில் உட்கார வைக்கவும் கூட ஆள் இருக்காது.

உங்களுக்கு ஏற்ற காலம் மாசி. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே உளுந்தோ பயறோ தெளித்திருப்பீர்கள். வயலில் இருக்கிற ஈரத்தில் அது தானாக வந்துவிடும், கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டால் போதும். மன்னார்குடியிலிருந்தே ஜோத்பூரின் பகத் கி கோதி நிலையத்துக்கு வாரம் ஒருமுறை ரயில் இருக்கிறது. மாசி முதல் வாரம் ஏறினால் பங்குனி பிறப்பதற்குள் வீடு திரும்பலாம். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, சாக்கில் சுற்றிக் கட்டி சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள்.

இப்போது தண்ணீர். டெல்டாக்காரர்கள் ஏமாறுகிற இடம் இது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை காயாமல் சட்டை முதுகோடு ஒட்டும், நெற்றியிலிருந்து சொட்டும். அதைப் பார்த்துத்தான் நாம் தண்ணீர் குடிக்கப் பழகியிருக்கிறோம். தார்ப் பாலையில் காற்று வறண்டது. வேர்வை தோலுக்கு வந்த வேகத்திலேயே காய்ந்துவிடும். சட்டை மொடமொடவென்று இருக்கும், "நமக்கு வேர்க்கவே இல்லையே" என்று நினைப்போம். மதியம் பையின் கறுப்புப் பட்டையைப் பாருங்கள். அகஸ்தியம்பள்ளி உப்பளப் பாத்தி ஓரத்தில் படிந்திருக்குமே, அப்படி வெள்ளைக் கோடு ஓடியிருக்கும். உடம்பிலிருந்து போன தண்ணீருக்கு அந்தக் கோடுதான் சாட்சி. அதனால் அங்கே தாகத்தையும் சட்டையையும் நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். கால் மணிக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு.

மொத்தம் எவ்வளவு என்பதை உங்கள் உடம்பிடமே கேட்கலாம். நெல் மூட்டை எடை போடும் தராசு உங்களிடம் இருக்கும். வெயிலில் ஒரு மணி நேரம் மிதிப்பதற்கு முன்பும் பின்பும், வேர்வையைத் துடைத்துவிட்டு அதில் ஏறி நில்லுங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். இடையில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். மணிக்கு முக்கால் லிட்டர் என்று வந்தால், ஆறு மணி நேர ஓட்டத்துக்கு நாலரை லிட்டர். ராத்திரிக்கும் சமையலுக்கும் இரண்டு, வண்டி நின்றுபோனால் காத்திருக்க மூன்று. ஆக ஒன்பதரை லிட்டர், அதாவது ஒன்பதரை கிலோ. இவ்வளவும் எல்லா நாளும் வேண்டியதில்லை. பொக்ரானிலிருந்து ஜெய்சல்மேர் சுமார் 110 கிலோமீட்டர், நடுவில் லாத்தி, சாந்தன் என்று ஊர்கள் உண்டு. ஜெய்சல்மேரிலிருந்து ராம்கர் வழியாகத் தனோட் போகும் 120 கிலோமீட்டரில்தான் முழுப் பாரமும் வேண்டும்.

வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வழியோர ஓட்டல்களில் 'சாச்' என்று கேட்டால் மோர் தருவார்கள். உப்புப் போட்டுக் குடியுங்கள், நம் நீர்மோருக்கு ரொம்பப் பக்கம். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுப்பவராக இருந்தால், இந்த உப்புக் கணக்கை உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அடுத்து முள். நமக்குத் தெரிந்த நெருஞ்சியும் சீமைக்கருவேலமும் அங்கேயும் உண்டு. பலோடிக்கு முன்னால் எனக்கு ஒரே மாலையில் மூன்று பஞ்சர், மூன்றும் ட்யூபில் ஒரே இடத்தில். ஒட்டுவேன், காற்றடிப்பேன், ஐந்து கிலோமீட்டரில் மறுபடி இறங்கும். டயரின் உள்பக்கம் விரலால் தடவியபோது ஒன்றும் தட்டுப்படவில்லை. கடைசியில் முதலுதவிப் பையிலிருந்த பஞ்சை எடுத்து டயருக்குள் சுற்றிலும் மெதுவாக இழுத்தேன். ஓரிடத்தில் ஒரு நூல் மாட்டியது. முள்ளின் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே இருந்திருக்கிறது, வெளியே நீட்டியது அரை மில்லிமீட்டர்கூட இராது. டயரை வளைத்துப் பிடித்து இடுக்கியால் பிடுங்கினேன். அத்தோடு சரி. பஞ்சும் இடுக்கியும் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று ட்யூப் மூன்று, ஒட்டுச் சாமான், கைப்பம்பு. முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும் சீலன்ட் திரவத்தை ட்யூபில் ஊற்றிக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். டயர் 40 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையக் கூடாது. காற்று மணலைச் சாலையில் கொண்டுவந்து போட்டிருக்கும், மெல்லிய டயர் அதில் புதைந்து சறுக்கும். அந்த இடத்தில் பிரேக் பிடிக்காதீர்கள், இறங்கித் தள்ளுங்கள்.

செயினுக்கு நம் ஊரில் தாராளமாக எண்ணெய் விடுவார்கள். அங்கே அந்த எண்ணெய் மணலைப் பிடித்து வைத்து உப்புத்தாள் போல் பல்சக்கரத்தைத் தேய்த்துவிடும். எண்ணெய்க்குப் பதில் மெழுகு வகை மசகு (லூப்) போட்டு, தினமும் பழைய வேட்டித் துணியால் துடைத்தால் போதும். பின்சக்கரக் கம்பிகளைக் கிளம்பும் முன் நல்ல கையிடம் இறுக்கி வாங்குங்கள். பாரம் முழுக்க அதன் மேல்தான்.

மாசியில் அங்கே பகல் இதமாக இருந்தாலும் விடிகாலையில் பத்து, பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். நம் மார்கழிப் பனி அதற்குப் பக்கத்தில் வராது, கையுறையும் கம்பளியும் வேண்டும். பொக்ரான், சாந்தன் பக்கம் ராணுவத்தின் சுடுபயிற்சி நிலங்கள் உண்டு. ஆகவே சாலையை விட்டு உள்ளே போய்க் கூடாரம் அடிக்காமல் ஊருக்குள் தங்குங்கள். தனோட் தாண்டி எல்லைக்குப் போக எல்லைப் பாதுகாப்புப் படையின் அனுமதி வேண்டும். அந்தப் பக்கம் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். இன்றைக்கு எந்த ஊரில் தங்குவேன், எத்தனை மணிக்குள் பேசுவேன், பேசாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நேரம் கிடைத்தால் பலோடி பக்கத்தில் கீச்சன் கிராமத்தில் ஒரு காலைப்பொழுது நில்லுங்கள். குளிர்காலத்தில் டெமாய்செல் கிரேன் என்ற பெரிய கொக்குகள், நம் வயல் கொக்கு அல்ல, ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். கோடியக்கரையில் பூநாரை பார்த்து வளர்ந்த உங்களுக்கு அதை விட்டுவிட்டு வர மனம் வராது.

கிளம்பும் முன் ஒரு பயிற்சி. புரட்டாசி வெயிலில், மாசியில் கட்டப்போகும் அதே பாரத்தோடு வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை போய்த் திரும்புங்கள். வழியில் எந்த டீக்கடையிலும் நிற்கக் கூடாது, யாரிடமும் தண்ணீர் வாங்கக் கூடாது. நம் பக்கம் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கடை என்பதால் இதுதான் கஷ்டமான பகுதி. வீட்டுக்கு வந்ததும் தராசில் ஏறுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் குடித்தது போதவில்லை, அடுத்த வாரம் மறுபடி போங்கள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கும், அதாவது மார்கழி பிறக்கிற சமயம். அதற்குள் எடை சரியாக நின்றுவிட்டால் டிக்கெட் போடுங்கள்.