வால் அறுந்த லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கும் ஒரு பல்லி வகை) தண்ணீர் குடிக்கவில்லை. சிரிஞ்சால் வாயில் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். அது திமிறும்போது நீங்கள் சிரிஞ்சை அழுத்தினால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வால் போனதைவிடப் பெரிய ஆபத்து அது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு வையுங்கள், நாக்கை நீட்டி நக்கிக்கொள்ளும். நக்கி முடித்த பிறகு அடுத்த சொட்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான், விட்டுவிடுங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏசி அறையில் வளர்க்கிறீர்கள், நான்கு நாள் முன்பு வால் விழுந்தது, அதற்கு முன்பே நுனி கறுத்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நுனி கறுத்தது என்பதைப் படித்ததும் எனக்கு 2022 மே மாதம் ஞாபகம் வந்தது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டில் என் மகள் 'மிளகு' என்று ஒரு லெப்பர்ட் கெக்கோ வளர்த்தாள். கத்திரி வெயிலுக்குப் பயந்து தொட்டியை ஏசி அறைக்கு மாற்றினோம். கடலோர ஊர், காற்றே பிசுபிசுவென்று இருக்கிறது, ஈரத்துக்கு என்ன குறை என்று நினைத்துவிட்டேன். காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்து வெளியே சொட்டவிடுவதே ஏசியின் வேலை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மிளகு சட்டை உரித்தபோது வால் நுனியில் கொஞ்சம் தோல் அப்படியே தங்கியது. நூல் சுற்றியதுபோல ஒரு வளையம். அடுத்த முறை உரித்தபோது அதன்மேல் இன்னொன்று. இப்படிக் காய்ந்த தோல் இறுகினால் ரத்த ஓட்டம் நின்று, அதற்குக் கீழே உள்ள சதை செத்துக் கறுத்துவிடும். கால்விரல்களும் இப்படித்தான் போகும். நான் அதை அழுக்கு என்று எண்ணி, நனைக்காமல் கொள்ளாமல் நகத்தால் உரிக்கப் பார்த்தேன். வாலை முழுதாக என் கையிலேயே விட்டுவிட்டு ஓடியது. தரையில் அது துள்ளித் துள்ளி அடங்கும்வரை மகள் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். இதை எழுதும்போதும் எனக்கு மனசு கனக்கிறது.

உங்கள் கெக்கோவுக்கும் கறுத்தது முதலில், விழுந்தது பிறகு. பயத்தில் விட்ட வாலாக மட்டும் இதைப் பார்க்காதீர்கள். ஈரம் போதாமல் போனதில் தொடங்கியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. விரல்களையும் ஒவ்வொன்றாக இப்போதே பார்த்துவிடுங்கள்.

புண்ணைப் பற்றி அதிகம் பதற வேண்டாம். வால் எலும்புகளில் உடைவதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது, உடைந்ததும் ரத்தக்குழாய் தானே சுருங்கிக்கொள்ளும். மஞ்சள், களிம்பு எதுவும் பூசாதீர்கள். மணலையும் நார்த்தூளையும் எடுத்துவிட்டு டிஷ்யூ பேப்பர் விரித்து, தினமும் மாற்றுங்கள். கூட இன்னொன்று இருந்தால் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், புண் ஆற உலர்ந்த தரை வேண்டும், உடம்புக்கோ ஈரம் வேண்டும். தொட்டி முழுக்கத் தண்ணீர் தெளித்தால் புண் அழுகும். நாங்கள் ஒரு தயிர் டப்பாவை நன்றாகக் கழுவி, பக்கவாட்டில் அது நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஓரத்தைத் தீக்காட்டி மழுக்கினோம். உள்ளே நனைத்துப் பிழிந்த டிஷ்யூ. தொட்டியின் சூடான பக்கத்தில் டப்பாவை வைத்தோம். வேண்டும்போது தானே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், போதும் என்றால் வெளியே வந்துவிடும். அந்த டிஷ்யூவைக் காலையும் மாலையும் மாற்றினோம். புண்ணில் மேலோடு கட்டும்வரை மிளகைத் தண்ணீரில் ஊறவைக்கவே இல்லை. ஏசிக் காற்று நேராகப் படாத மூலைக்குத் தொட்டியையும் நகர்த்தினோம்.

குடிக்கவில்லை என்கிறீர்களே, அதை எப்படி முடிவு செய்தீர்கள்? இவை பெரும்பாலும் இரவில்தான் குடிக்கும், நாம் தூங்கிக்கொண்டிருப்போம். தண்ணீர்க் கிண்ணத்தைவிட அதன் கழிவைப் பாருங்கள். வெள்ளைப் பகுதி மெத்தென்று இருந்தால் சரி. மஞ்சளாகி, சுண்ணாம்புக் கட்டிபோல இறுகியிருந்தால் உடம்பில் தண்ணீர் குறைவு. கண் உள்வாங்கியிருக்கிறதா, வாய்க்குள் எச்சில் நூல்போல இழுக்கிறதா என்றும் பாருங்கள். கிண்ணத்துக்கு போர் தண்ணீர் வேண்டாம். நம் கடற்கரைப் பக்கம் பல இடங்களில் அது உப்பு. குடிக்கிற தண்ணீரையே வையுங்கள்.

வால்தான் அதற்கு நெல்குதிர். கொழுப்பை அதில்தான் சேர்த்து வைத்திருக்கும். வால் உள்ள லெப்பர்ட் கெக்கோ வாரக்கணக்கில் சாப்பிடாமல் தாங்கும், இப்போது உங்களுடையது தாங்காது. சமையலறைத் தராசில் நாளைக்கே எடை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய எடையோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம், வாலின் எடையும் அதில் சேர்ந்தது. மிளகு 58 கிராமிலிருந்து ஒரே நாளில் 49 ஆனது. அந்த 49-தான் எங்களுக்குப் புதுக் கணக்கு. இரையாகப் போடும் மீல்வார்ம் புழுக்களுக்கு முந்தின நாளே கேரட் துண்டோ பூசணித் துண்டோ போட்டுவிடுங்கள், அந்த ஈரமும் கெக்கோவுக்குப் போய்ச் சேரும். வீட்டில் ஓடும் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள், எந்த மருந்தைத் தின்றதோ தெரியாது.

வால் மீண்டும் வரும். ஆனால் உள்ளே எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான். மிளகுக்குக் குண்டாக, டர்னிப் கிழங்குபோல வந்தது, பழைய புள்ளிகள் இல்லை. எல்லா கெக்கோவுக்கும் வளரும் என்று நினைத்துவிடாதீர்கள். நியூ கலிடோனியாவிலிருந்து வந்த கிரெஸ்டட் கெக்கோவுக்கு ஒரு முறை போனால் போனதுதான்.

வீக்கம், சீழ், கறுப்பு மேலே ஏறுவது, புது எடையிலிருந்து ஐந்தாறு கிராம் இறங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வன பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பஸ்ஸில் கொண்டுபோனால் காற்றோட்டமுள்ள டப்பாவில், டிஷ்யூ போட்டு, வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

இன்றிரவு தயிர் டப்பாவை வைத்துவிட்டு, நாளைக் காலை கழிவு எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.