ஒரு ஸ்டாருக்கு என்ன பதில் எழுதுவது?

போன இதழில் பல் மருந்தகங்களைப் பற்றி நான்கு வரி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி, மருந்தகம் நடத்துபவர்களிடமிருந்தும் அங்கே வேலை பார்ப்பவர்களிடமிருந்தும் வந்தவை. கிட்டத்தட்ட எல்லாமே கூகல் ரிவ்யூவைப் பற்றித்தான். சிங்கப்பூர்ப் பேட்டை மருந்தகங்களில் கவுண்டரில் ஆரம்பித்து நிர்வாகப் பொறுப்பு வரை பல வருடம் இருந்தவள் நான், அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

என் கணவர் ஈசூனில் சின்னதாக ஒரு பல் மருந்தகம் நடத்துகிறார். கவுண்டர், கணக்கு எல்லாம் நான்தான். போன வாரம் ஓர் அம்மா ஒரு ஸ்டார் போட்டு, "ஃபில்லிங் என்று உட்காரவைத்து 900 வெள்ளி வாங்கிவிட்டார்கள், ஏமாற்றுக்காரர்கள்" என்று எழுதிவிட்டார். சொத்தை ஆழமாகப் போயிருந்ததால் ரூட் கெனால் என்கிற வேர்ச் சிகிச்சை செய்யவேண்டியதாயிற்று, அவரும் சரி என்று தலையாட்டினார். எக்ஸ்ரே இருக்கிறது, கையெழுத்துப் போட்ட தாளும் இருக்கிறது. எல்லாவற்றையும் பதிலில் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். இரண்டு நாளாக எனக்குத் தூக்கமே இல்லை. – ஈசூன் வாசகி

போட வேண்டாம், அம்மா. எக்ஸ்ரே, பல் எண், பில் தொகை, கையெழுத்து, எதுவும் அங்கே போகக் கூடாது. அவர் உங்களிடம் வந்தவர்தான் என்று ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு வாக்கியம்கூட வேண்டாம். அவர் தன் பல்லைப் பற்றி ஊருக்கே சொல்லலாம், அது அவருடைய பல். நீங்கள் சொன்னால் அது நோயாளியின் ரகசியத்தை வெளியிட்டது ஆகிவிடும். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம், பல் மருத்துவர்களுக்கான நெறிமுறைகள் இன்னொரு பக்கம். ஒரு ஸ்டார் ரிவ்யூவில் தொடங்கிய விஷயம் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தில் புகாராகப் போய் நின்றால், அப்போது உண்மை உங்கள் பக்கம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம், பதிலை யாருக்காக எழுதுகிறோம் என்று யோசியுங்கள். அந்த அம்மா பெரும்பாலும் திரும்பி வந்து அதைப் பார்க்கப் போவதில்லை. பார்க்கப் போவது, ராத்திரி பதினொரு மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "பக்கத்தில் பல் டாக்டர்" என்று தேடுகிற யாரோ ஒருவர். அவர் உங்கள் எக்ஸ்ரேயைப் படித்து நியாயம் சொல்ல வரவில்லை. இவர்களிடம் போய் எனக்கு ஒரு பிரச்சினை வந்தால் என்னிடம் எப்படிப் பேசுவார்கள் என்று மட்டும்தான் பார்க்கிறார். அவருக்காக எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

"நீங்கள் எழுதியதைப் படித்தோம். எதிர்பார்த்ததைவிடச் செலவு கூடினால் யாருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். யாருடைய சிகிச்சை விவரத்தையும் பொதுவில் நாங்கள் பேசுவதில்லை. மருந்தகத்துக்கு அழைத்தால் நானே உங்களோடு உட்கார்ந்து பில்லை வரிவரியாகப் பார்க்கிறேன்."

அவ்வளவு போதும். இதை எழுதிவிட்டு ஒரு ராத்திரி ஆறப்போட்டு, காலையில் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். அவர் தமிழில் எழுதியிருந்தால் நீங்களும் தமிழிலேயே பதில் எழுதுங்கள். கூகலிடம் சொல்லி நீக்கலாமா என்றும் கேட்பீர்கள். பொய்க் கணக்கு, ஆபாசம், மிரட்டல், சம்பந்தமே இல்லாத பேச்சு என்று அவர்களுடைய விதியை மீறியிருந்தால் முறையிடலாம். நமக்கு அநியாயமாகப் படுகிறது என்பதற்காக எடுக்கமாட்டார்கள். வக்கீல் கடிதம் என்ற யோசனை வந்தால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கில் ஜெயித்தாலும், நோயாளிமேல் வழக்குப் போட்ட மருந்தகம் என்ற பேர்தான் பேட்டையில் நிற்கும்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம், கோபித்துக்கொள்ளாதீர்கள். "தலையாட்டினார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். வாய் திறந்திருக்கிறது, பாதி முகம் மரத்துப்போயிருக்கிறது, கண்ணுக்கு மேலே விளக்கு, பல்லில் பாதி குடைந்தாகிவிட்டது. அந்த நிலையில் "நரம்பு வரைக்கும் போய்விட்டது, ரூட் கெனால் செய்யணும்" என்று சொன்னால் யார்தான் தலையாட்டமாட்டார்கள்? சொத்தையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் ஆழம் முழுசாகத் தெரியும், எக்ஸ்ரேயிலேயே எல்லாம் பிடிபடாது, அது டாக்டருடைய தப்பில்லை. ஆனால் அப்படி நடக்கலாம் என்பது அவருக்கு முன்னாலேயே தெரியும் அல்லவா? நாற்காலியில் சாய்வதற்கு முன்னால் சொல்லிவிடலாம்: "ஃபில்லிங்கோடு முடிந்தால் இவ்வளவு, ஆழமாக இருந்தால் ரூட் கெனால், அதற்கு மேலே கிரவுன் என்கிற உறை, அப்படியானால் இவ்வளவு முதல் இவ்வளவு வரை. நடுவில் தெரியவந்தால் தற்காலிகமாக அடைத்துவிட்டு, நீங்கள் யோசித்துவிட்டு வரலாம்." இதை ஒரு தாளில் தொகையோடு எழுதிக் கையில் கொடுங்கள்.

அரசாங்க மானியம் தரும் சாஸ் அட்டை விஷயத்திலும் இதே கதைதான். நீல அட்டை, ஆரஞ்சு அட்டை, மூத்தோருக்கான மெர்டேக்கா, முன்னோடித் தலைமுறை அட்டைகள் என்று நீட்டுகிற பெரியவர்கள் பலர் அட்டை இருந்தால் எல்லாம் கழிந்துவிடும் என்று நம்பி வருகிறார்கள். மானியத் தொகை சிகிச்சைக்குச் சிகிச்சை மாறும், எத்தனை முறை கோரலாம் என்ற வரம்பும் உண்டு. மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கும் அப்படித்தான், ஞானப்பல் அறுவை சிகிச்சைக்கு எடுத்த தம்பி, பல் சுத்தம் செய்யவும் அதிலேயே கழிக்கச் சொல்லி நிற்பார். அட்டையை வாங்கும்போதே "இதில் இவ்வளவு கழியும், மீதி இவ்வளவு நீங்கள் கட்டுவீர்கள்" என்று சொல்வது கவுண்டரில் இருக்கும் நம் வேலை.

இன்னொன்று, என் அனுபவத்தில் பெரிய பலன் கொடுத்த ஒன்று. ஞானப்பல் எடுத்தால் வீக்கம் அன்றைக்கே உச்சத்துக்குப் போகாது, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் நன்றாக வீங்கும். நோயாளிக்கு அது தெரியாது, நாளாக நாளாகக் குறையவேண்டியது கூடுகிறதே, ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்துபோவார். நான் இருந்த ஒரு மருந்தகத்தில் வந்த கோப ரிவ்யூக்களைத் தேதி போட்டுப் பார்த்தபோது பல, சிகிச்சை முடிந்த மூன்றாம் ராத்திரி எழுதியவையாக இருந்தன. அன்றிலிருந்து இரண்டாம் நாள் சாயந்திரம் நானே போன் செய்ய ஆரம்பித்தேன். "வீக்கம் எப்படி இருக்கிறது அண்ணே, கஞ்சி ஏதாவது உள்ளே போகிறதா, நாளைக்கும் இப்படித்தான் இருக்கும், அப்புறம் வடியும், காய்ச்சல் வந்தாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே கூப்பிடுங்கள்." இரண்டு நிமிடம்தான். புது ஃபில்லிங் கொஞ்ச நாளைக்குக் குளிர்ச்சி பட்டால் கூசும், ரூட் கெனால் முடிந்த பல் சில நாள் கடிக்கும்போது வலிக்கும், இதையெல்லாம் வாசலைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போய்த் தானாகத் தெரிந்துகொண்டால் அதே விஷயம் மருந்தகத்தின் குற்றமாகிவிடும்.

அந்த அம்மாவுக்கும் ஒரு முறை போன் செய்யுங்கள். ரிவ்யூவை எடுங்கள் என்று கேட்காதீர்கள். பல் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

பல் மருந்தகத்தில் வரவேற்பு வேலை. ஸ்டாஃப் ஒவ்வொருவரும் வீட்டு ஆட்கள் ஐந்து பேரை ஐந்து ஸ்டார் போடவைக்க வேண்டும் என்கிறார் முதலாளி. ஐந்து ஸ்டார் போடும் நோயாளிக்கு 10 வெள்ளிப் பற்றுச்சீட்டும் கொடுக்கச் சொல்கிறார். எல்லா இடத்திலும் நடப்பதுதானாம். – ஜூரோங் வெஸ்ட்

செய்யாதீர்கள். சிகிச்சைக்கே வராதவர் எழுதும் ரிவ்யூ பொய். காசு கொடுத்து வாங்குவதும், வேலை பார்ப்பவர்கள் தங்கள் இடத்துக்கே எழுதிக்கொள்வதும் கூகலின் விதிக்கு எதிரானவை. பிடிபட்டால் உண்மையான நோயாளிகள் மனதார எழுதியதும் சந்தேகத்துக்கு ஆளாகும், எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. இங்கே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. 'போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம்' என்ற அரசு அமைப்பு போலி ஐந்து ஸ்டார் விஷயத்தில் ஒரு கார் பராமரிப்பு நிறுவனத்தின் மேலேயே நடவடிக்கை எடுத்திருக்கிறது. கார் பாலிஷுக்கே அப்படி என்றால், வாய்க்குள் ஊசி போடும் இடத்தைப் பற்றிப் பொய் சொல்வதை என்னவென்று சொல்வது?

முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் கவலை, புரிகிறது. "டாக்டர், இதில் உங்கள் லைசென்ஸுக்குத் தொந்தரவு வரும் என்று பயமாக இருக்கிறது, இது சரிதானா என்று விவரம் தெரிந்தவர்களிடம் எழுத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்வோமே" என்று சொல்லிப் பாருங்கள். தங்கள் பேருக்குத்தான் ஆபத்து என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் இறங்கி வருவார்கள். ஐந்து ஸ்டார் கேட்பதற்குப் பதில், பில் கட்டும்போது எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்கலாம்: "இன்றைக்கு எது சிரமமாக இருந்தது?" வருகிற பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காத்திருந்த நேரம், போன் எடுக்காதது, விலை புரியாதது என்று அதே மூன்று நான்குதான் திரும்பத் திரும்ப வரும். அதைச் சரிசெய்தால் பாராட்ட நினைப்பவர்கள் தாங்களாகவே எழுதுவார்கள்.

பொங்கோலில் சொந்த மருந்தகம் திறக்கப் போகிறேன். டிக்டாக் வீடியோ செய்து தரும் ஒரு தம்பி, "சிங்கப்பூரின் நம்பர் ஒன் இம்பிளாண்ட் ஸ்பெஷலிஸ்ட்" என்று போட்டு, சிகிச்சைக்கு முன்னே பின்னே எடுத்த படங்களும் போட்டால் கூட்டம் வரும் என்கிறார். – இளம் பல் டாக்டர்

அந்த ஒரு வரியிலேயே மூன்று தப்பு இருக்கிறது, டாக்டர். "நம்பர் ஒன்" என்று தன்னைத்தானே புகழ்வதற்கும் மற்றவர்களோடு ஒப்பிடுவதற்கும் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின் விளம்பர விதிகள் இடம் கொடுப்பதில்லை. முன்னே பின்னே படங்களும் விளம்பரத்தில் கூடாது. "ஸ்பெஷலிஸ்ட்" என்பது நிபுணர் பட்டியலில் பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும் உரிய சொல். பல்வரிசை சீரமைப்பு, ஈறு, வேர்ச் சிகிச்சை, குழந்தைகள் பல் என்று அங்கீகரித்த துறைகள் இருக்கின்றன, எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்பிளாண்ட் தனித் துறையாக அதில் இல்லை. வீடியோ தம்பிக்கு இது தெரியாது, ஆனால் பதில் சொல்லவேண்டியவர் லைசென்ஸ் வைத்திருக்கும் நீங்கள். எந்த வீடியோவும் உங்கள் கண்ணில் படாமல் வெளியே போகக் கூடாது என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் என்னதான் போடுவது? ஜனங்கள் உண்மையில் தேடுவதைப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம், சக்கர நாற்காலி உள்ளே வருமா, சாஸ் அட்டை எடுப்பீர்களா, வலியோடு வந்தால் அன்றே பார்ப்பீர்களா, ஃபில்லிங் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை. சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் கூகலில் நேரத்தைச் சரியாக மாற்றிவைப்பதை ஒரு பெரிய வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கிறது என்று நம்பிப் பல்வலியோடு வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர் எழுதும் ஒரு ஸ்டாருக்கு எந்தப் பதிலும் எடுபடாது. டிக்டாக்கில் தமிழில் பேசுங்களேன். ரூட் கெனால் என்றால் என்ன, எதற்கு இரண்டு மூன்று முறை வரவேண்டியிருக்கிறது, நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு ஏன் சீக்கிரம் கெடுகிறது என்று ஒரு நிமிடம் நிதானமாகச் சொல்லுங்கள். நம் பெரியவர்களுக்குத் தங்கள் மொழியில் இதைச் சொல்ல ஆளே குறைவு.

பழைய நோயாளிகள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் தீபாவளிச் சலுகை அனுப்பலாமா? – உட்லண்ட்ஸ்

அப்பாயின்ட்மென்டை நினைவூட்டும் செய்தி வேறு, சலுகைச் செய்தி வேறு. இரண்டாவது விளம்பரம், வாட்ஸ்அப்பில் போனாலும் 2014இலிருந்து நடப்பில் இருக்கும் 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டின் (விளம்பரம் வேண்டாம் என்று பதிந்தவர்களின் எண்கள் உள்ள பட்டியல்) விதி அதற்கும் பொருந்தும். தெளிவான சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் பதிவேட்டில் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருமுறை வந்துபோனதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னைக் கேட்டால், சலுகையை விட்டுவிட்டு விடுமுறை நேரத்தை மட்டும் வாசலிலும் கூகலிலும் போடுங்கள்.

எனக்கு நடந்ததை ரிவ்யூவாக எழுத ஆசை. வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று பயம். விலை சொல்லாமலே இரண்டு பல்லுக்குக் கிரவுன் செய்துவிட்டார்கள். – தோ பாயோ

ஐயா, முதலில் மருந்தகத்தில் பில்லை வரிவரியாக விளக்கச் சொல்லிக் கேளுங்கள், எக்ஸ்ரேயின் பிரதியும் கேளுங்கள். அது கையில் இருந்தால் வேறு ஒரு டாக்டரிடம் காட்டி அந்தக் கிரவுன் தேவைதானா என்று தெரிந்துகொள்ளலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால், கட்டண விஷயத்துக்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, மருத்துவரின் நடத்தையைப் பற்றி என்றால் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றம்.

எழுதுவதானால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். எந்த மாதம் போனீர்கள், என்ன சொன்னார்கள், என்ன சொல்லவில்லை, எவ்வளவு கட்டினீர்கள், கேட்டபோது என்ன பதில் வந்தது. "திருடர்கள்", "போலி டாக்டர்" மாதிரி வார்த்தைகளை விட்டுவிடுங்கள், நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டுதான் அவதூறு வழக்கில் கொண்டுபோய் விடும். தாதியின் படம், கவுண்டரில் இருந்த பெண்ணின் பேர், போன் எண் எதையும் போடாதீர்கள். தொந்தரவு கொடுக்கும் நோக்கத்தோடு ஒருவருடைய விவரத்தை வெளியிடுவது இங்கே குற்றம், தவிர விலையை முடிவு செய்தது அந்தப் பெண் இல்லை. மருந்தகம் கூப்பிட்டுப் பேசிப் பணத்தில் ஏதாவது திருப்பிக் கொடுத்தால் அதையும் அதே ரிவ்யூவின் கீழே சேர்த்து எழுதிவிடுங்கள்.