மலையில் கண்ட பாம்பு புதிய இனமா என்று எப்படி உறுதி செய்வது? கண்டவர் பெயரை அதற்கு வைப்பார்களா?

நீங்கள் இலங்கை மலைநாட்டுக்குப் போன இடத்தில் ஒரு பாம்பைப் படம் எடுத்து, முகநூலில் போட்டு, "இது புது இனம்" என்று யாரோ கிளப்பிவிட்டதால் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெயர் விஷயத்தைத் தொட்டதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அதில் எனக்கு ஒரு பழைய வயிற்றெரிச்சல் இருக்கிறது.

நான் விஞ்ஞானி இல்லை. வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் தோட்டம் செய்கிறவன். வீட்டுக்குள் பாம்பு வந்தால் ஊரில் என்னைக் கூப்பிடுவார்கள். "வன்னியில் இருப்பவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கம்பசில் (பல்கலைக்கழகத்தில்) படித்த ஒரு தம்பி, "அண்ணை, பாம்புக்குப் பயப்படாத ஆள் ஒண்டு வேணும்" என்று சொல்லி ஓர் ஆய்வுக் குழுவோடு என்னை மலைநாட்டுக்குக் கூட்டிப் போனார். பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

புது இனங்கள் ஏன் மலையில் அடிக்கடி அகப்படுகின்றன என்று அங்கேதான் விளங்கியது. கோடையில் குளம் வற்றும்போது மீன்கள் மடு மடுவாகப் பிரிந்து நிற்குமே, குளிர்க்காட்டுப் பாம்புகளும் அப்படித்தான் சிகரம் சிகரமாக நிற்கின்றன. இடையில் உள்ள சூடான பள்ளத்தாக்கை அவை தாண்டுவதில்லை. அஸ்பிடூரா என்ற சின்னப் பாம்புகள் இலங்கைக்கே உரியவை. அவற்றில் சிவனொளிபாத மலைப் பக்கத்திலிருந்து 2017இல் ஒன்றும், நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து 2019இல் ஒன்றும் புது இனமாகச் சேர்ந்தன. முதலாவதற்கு இராவணன் பெயர், மற்றதற்கு ஊர்வன ஆய்வாளர் அன்ஸ்லெம் டி சில்வாவின் பெயர்.

அழுகிய கட்டையைப் புரட்டி, சருகைக் கிளறி, அட்டைக்கடி வாங்கி, விரல் தடிப்பில் ஒன்றைப் பிடிப்பதெல்லாம் சின்ன வேலை. இரவில் விளக்கின் கீழ் வைத்து ஊசி முனையால் செதில் எண்ணுவதுதான் பெரிய வேலை. வயிற்றுச் செதில் எத்தனை, வாலின் அடிச்செதில் எத்தனை, கழுத்திலும் நடு உடலிலும் மலவாய்க்கு முன்னாலும் முதுகுச் செதில் எத்தனை வரிசை என்று எல்லாம் எழுத வேண்டும். எங்கே தொடங்குவது என்பதற்கே விதி உண்டு. இரண்டு பக்கமும் முதுகுச் செதிலின் முதல் வரிசையைத் தொடுகிற வயிற்றுச் செதில்தான் ஒன்றாம் இலக்கம். தாடைக்குக் கீழேயே தொடங்கினால் கணக்குக் கூடிவிடும். குழுவில் இரண்டு மாணவர்களுக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. என்னை எண்ணச் சொன்னார்கள். குழுவுக்குத் தலைவரான பெரியவர் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு என் கணக்கைத்தான் எழுதிக்கொண்டார். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆண் பாம்பை ஆண் பாம்போடுதான் ஒப்பிட வேண்டும். ஆணுக்குப் பெரும்பாலும் வால் நீளம், வாலடிச் செதிலும் கூட. டிஎன்ஏ பார்க்க ஈரல் துண்டொன்றை முதலில் எதனோல் என்ற சாராயத்தில் போடுவார்கள். உடல் பிறகுதான் அழுகாமல் வைக்கும் ஃபோர்மலினுக்குள் போகும், ஏனென்றால் ஃபோர்மலின் டிஎன்ஏயைக் கெடுத்துவிடும். "ஆராய்ச்சி என்று கொல்கிறார்களே" என்று கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு ஓரிரண்டு உடல்கள் அருங்காட்சியகத்துக்குப் போகின்றன. நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்க்க ஒரு உடல் இருக்க வேண்டாமா? எங்கள் ஒழுங்கையில் ஒரு மாரிக்கு அடித்துக் கொல்லும் சாரைகள் அதைவிடக் கூட.

அப்புறம் கொழும்பிலும் லண்டனிலும் போத்தல்களுக்குள் கிடக்கும் பழைய பாம்புகளோடு ஒப்பிட வேண்டும். நிறம் வெளிறியிருக்கும், செதில் அப்படியே இருக்கும். புத்தகத்தில் இல்லை என்பது ஒரு கணக்கே இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் யாராவது பெயர் வைத்து, பின்னால் வந்தவர்கள் அதை இன்னோர் இனத்துக்குள் சேர்த்திருப்பார்கள்.

இனி பெயர். பெயரை வைப்பது கட்டுரை எழுதுகிறவர்கள். தன் பெயரைத் தானே வைக்க விதி தடுக்கவில்லை, ஆனால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். நான் போன அந்தக் குழுவின் கட்டுரை வெளிவந்தது (மேலே சொன்ன இரண்டும் இல்லை, தேடாதீர்கள்). நன்றி சொல்லும் இடத்தில் "உள்ளூர் உதவியாளர்கள்" என்று ஒரு சொல். பாம்புக்கு என் பெயரை வைக்கச் சொல்லவில்லை ஐயா, தாளில் என் பெயரை எழுதியிருக்கலாம். வேறு விதமாகவும் நடக்கிறது. இமயமலையில் சம்பா மாவட்டத்து மாணவர் விரேந்தர் பரத்வாஜ், 2020 ஊரடங்கில் ஊரில் கண்ட பாம்பின் படத்தை இன்ஸ்டகிராமில் போட்டார். அதைப் பார்த்த ஆய்வாளர்கள் தொடர்புகொண்டு சேர்ந்து வேலை செய்தார்கள். 2021இல் ஒலிகோடன் சுராஹென்சிஸ் என்று, பாம்பு அகப்பட்ட சுரா பள்ளத்தாக்கின் பெயரோடு அது வெளிவந்தபோது, கட்டுரையாசிரியர்களில் அவரும் ஒருவர்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புது இனம் என்றால் எல்லோரும் மலைக்கே ஓடுகிறார்கள். மன்னாரின் தெற்கு எல்லையில் மறிச்சுக்கட்டி இருக்கிறது. மண்ணுக்குள் வாழும் ரைனோபிஸ் பாம்புகளில் இரண்டு இனங்கள், 1921இலும் 1941இலும், அங்கே கிடைத்த உடல்களை வைத்துத்தான் பெயர் பெற்றன. இரண்டாவதைத் திரும்பவும் ஒழுங்காக விவரித்து எழுத 2016 ஆகிவிட்டது. எங்கள் பக்கம் சண்டை நடந்த காலத்தில் யார் வந்து மண்ணைக் கிளறுவது! சண்டை முடிந்த பிறகும் எங்கள் காட்டுக்கு வருகிறவர்கள் யானையைத்தான் தேடுகிறார்கள்.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். தலையை மேலிருந்தும் இரண்டு பக்கத்திலும், நடு உடலை மேலிருந்தும் தெளிவாக எடுத்திருந்தால், கம்பஸ் விலங்கியல் துறை ஒன்றுக்கு அனுப்புங்கள். உயரத்தையும் திகதியையும் எழுதுங்கள். இடத்தை மட்டும் முகநூலில் போட வேண்டாம், பிடித்து விற்கிறவர்களும் அதைப் பார்க்கிறார்கள். பாம்பைக் கையால் தொட வேண்டாம்.

இன்னொன்று. கடித்த பாம்பின் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி "அண்ணை, இது புடையனா" (கண்ணாடி விரியனா) என்று கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். ஆளை முதலில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள்.